இடப்பக்கத்து மேசை

போர்ட் சால்மர்ஸ்
4 மே 1997, ஞாயிறு

அன்புள்ள கோரலிக்கு,

இருமலைத் தவிர எனக்கு வேறு தொந்தரவு இல்லை. வெலிங்டன் காற்றைத் தவிர உனக்கும் வேறு தொந்தரவு இருக்காது என்று நினைத்துக்கொள்கிறேன்.

நீ அனுப்பிய தாள் வெள்ளிக்கிழமை வந்தது. ஒரு சுருளின் முப்பத்தாறு படங்களையும் தபால்தலை அளவில் ஒரே தாளில் போட்டு அனுப்புகிறாயே, அதைப் பார்க்க எனக்கு இப்போதெல்லாம் பூதக்கண்ணாடி தேவைப்படுகிறது. நான் சமைக்கப் போகும் முதியோர் இல்லத்துச் சமையலறையிலேயே, சூப் கொதிக்கும்போது பார்த்துக்கொண்டிருந்தேன். மிஸஸ் டஃப் எட்டிப் பார்த்துவிட்டு, "யாரு இது, போலீஸ் தேடுற ஆளா? மூஞ்சியவே காணோம்?" என்றாள். அவளுக்குத் தொண்ணூற்றொரு வயது. கண் என்னைவிட நன்றாகத் தெரிகிறது.

அவள் கேட்டதில் என்ன தப்பு? முப்பத்தாறு படத்திலும் என் இடது காது, என் பிடரி, என் இரண்டு கைகள். மார்ச் மாதம் டனீடினில் நாற்பது நிமிடம் மிதி ஆர்கனை மிதித்து ஒரே சுரத்தை இழுத்தேனே, அது நீ என் பிடரியைப் படம் எடுக்கவா? மற்ற பெண்களுக்கெல்லாம் முகம் இருக்கிறது. ஷோனா தகரத் தட்டில் கோலிக்குண்டு உருட்டி வாசிக்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்வதுகூட உன் படத்தில் தெரிகிறது. எனக்கு மட்டும் காது.

இங்கே வந்திருந்தபோது ஷோனா சொன்ன இன்னொரு சேதியும் இருக்கிறது. அங்கே பிப் என்று ஒரு பெண் கிளம்பியிருக்கிறாளாம். இருபத்து நாலு வயது. சைக்கிள் சக்கரத்தைத் தலைகீழாக நிறுத்தி, அதன் கம்பிகளைச் செல்லோ வில்லால் தேய்த்து வாசிக்கிறாளாம். ஏப்ரலில் நீ அவளைப் படம் எடுத்தாயாம். "கோரலி மூச்சு விட்டாளான்னே தெரியல ரேவின், அப்படியொரு நிலையில இருந்தா," என்றாள் ஷோனா. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் கேத்தலை அடுப்பில் வைக்கத் திரும்பிக்கொண்டேன்.

செப்டம்பர் கண்காட்சியில் முப்பது பெண்கள் என்று எழுதியிருந்தாய். நம்மைப்போல ஊரார் சத்தம் என்று சொல்வதை இசை என்று சொல்லிக்கொண்டு திரியும் முப்பது பேர். வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் மட்டும் ஒரே ஒரு பெரிய படம் என்றாய். அது யார்? எனக்குப் பொறாமை என்று நினைக்காதே. சரி, நினைத்துக்கொள். பொறாமைதான்.

உன் பெரிய கத்தரிக்கோல் இன்னும் என் சமையலறை ஆணியில்தான் தொங்குகிறது. நாம் இருவரும் சேர்ந்து வாசித்த காலத்தில் நீ அதில் ஒட்டு மைக்கை ஒட்டி வெறும் காற்றை வெட்டுவாய். கூடத்தில் இருப்பவர்கள் கழுத்தைத் தடவிக்கொள்வார்கள். இப்போது நான் அதில் தோட்டத்துக் கீரை வெட்டுகிறேன். பதினோரு வருடமாக நீ அதைக் கேட்கவில்லை. நானும் அனுப்பவில்லை.

என்றும் உன்,
ரேவின்


வெலிங்டன்
13 மே 1997

அன்புள்ள ரேவினுக்கு,

உன் கடிதத்தை, நான் ஊரார் படங்களைக் கழுவிக் கொடுக்கும் மருந்துக்கடையின் பின்னறையில் வைத்துப் படித்தேன். வெளியே மற்றவர்களின் பிறந்தநாள் படங்கள் இயந்திரத்திலிருந்து வந்து விழுந்துகொண்டிருந்தன. கேக், கேக், கேக், நடுவில் யாரோ ஒருவரின் கட்டைவிரல். நீ காது வந்ததற்கே இப்படிக் குதிக்கிறாய்.

உனக்கு அழகான காது. அதை விட்டுவிடு.

நான் எப்படிப் படம் எடுக்கிறேன் என்று உனக்கே தெரியும். பத்துப் பேர் உட்கார்ந்து ஊசி விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் கூடத்தில் என் ஷட்டர் சத்தம் கோடாலி வெட்டுகிற மாதிரி விழும். முந்தாநாள் ஒருத்தி வாசிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "இன்னொரு தடவ அது சத்தம் போட்டுச்சுன்னா உன்னையும் சேத்துதான் வாசிப்பேன்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் கேமராவை ஸ்வெட்டருக்குள் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன். அதனால்தான் இப்போதெல்லாம் முன்கூட்டியே ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுகிறேன், எங்கே கிளிக் செய்யலாம் என்று. ஷோனா, "கோலி ஓடுறப்ப மட்டும்," என்பாள். நீ, "எப்ப வேணா பண்ணு, என் ஆர்கன் சத்தத்துல உன் கேமரா எங்க கேக்கப்போகுது," என்பாய்.

பிப்பிடமும் கேட்டேன். சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு எங்க தோணுதோ அங்க பண்ணுங்க. நான் இடம் விடறேன்," என்றாள். இப்படி ஒருத்தியும் எனக்குச் சொன்னதில்லை. நல்ல பெண். மற்றபடி ஷோனா கொஞ்சம் கூட்டிச் சொல்வாள், உனக்கே தெரியும்.

பிப்பின் தாளைப் பிறகு அனுப்புகிறேன். இன்னும் கழுவவில்லை. எதிர்ச் சுவரில் யார் என்பதும் முடிவாகவில்லை.

இருமலுக்குத் தேன் குடி. அந்த இல்லத்தில் இருப்பதிலேயே மலிவான தேனாகப் பார்த்துக் குடிக்காதே.

பிரியமுடன்,
கோரலி


போர்ட் சால்மர்ஸ்
1 ஜூன் 1997

அன்புள்ள கோரலிக்கு,

தேன் குடித்தேன். இருமல் போய்விட்டது. வேறொன்று வந்திருக்கிறது, அதற்குத் தேன் கேட்காது.

பிப்பின் தாள் வரவில்லை. மருந்துக்கடையில் ஒரு மணி நேரத்தில் ஊரார் படங்களையெல்லாம் கழுவிக் கொடுக்கிற உனக்கு ஆறு வாரமாக ஒரு சுருளைக் கழுவ நேரமில்லை என்றால் நான் நம்ப வேண்டுமா? நம் பழைய வீட்டுக் குளியலறையில் நீ ஃபிலிம் கழுவப் பழகியபோது நான் ஆறு மாதம் சமையலறைத் தொட்டியில் தலை குளித்தவள். படம் எடுத்த அன்றைக்கே கழுவாவிட்டால் உனக்குத் தூக்கம் வராது என்பது எனக்குத் தெரியாதா?

நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படங்கள் மிக நன்றாக வந்திருக்கின்றன. எனக்குக் காட்டினால் நான் தாங்கமாட்டேன் என்று ஒளித்து வைத்திருக்கிறாய். எதிர்ச் சுவரில் அவள்தான். அவளுக்கு முகம் இருக்கும். சுவர் முழுக்க முகம்.

இன்று பிற்பகல் மூன்று மணிக்கு இங்கே துறைமுகத் தொழிலாளர் மன்றத்தில் வாசித்தேன். பதினொரு பேர். அதில் இரண்டு பேர் குளிருக்கு ஒதுங்கியவர்கள். ஹீட்டர் வேலை செய்ததால் யாரும் பாதியில் எழுந்து போகவில்லை. முடிந்ததும் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் மெர்வ் வந்து என் இடப்பக்கத்து மேசையைக் காட்டி, "எப்பப் பாத்தாலும் இந்தக் காலி மேசையப் போடச் சொல்றியே, எதுக்கு? தூக்கி வைக்க என் முதுகு போகுது," என்றான்.

"டீ கப் வைக்க," என்றேன்.

"நீ வாசிக்கிறப்ப டீ குடிச்சு நான் பாத்ததே இல்லையே."

"முடிஞ்சதும் குடிப்பேன்," என்றேன்.

நான் எழுத வந்தது வேறு. ஆகஸ்ட் 24 ஞாயிறு எனக்குக் கூடம் கிடைத்திருக்கிறது. மணி மூன்று. நீ வருவாயா? படம் எடுக்க வேண்டாம். சும்மா வா. மடியில் கையை வைத்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார். என் முகம் எப்படி இருக்கிறது என்று ஒருதரம் பார்.

பிப்பின் தாளை அனுப்பு.

ரேவின்


வெலிங்டன்
9 ஜூன் 1997

ரேவினுக்கு,

அவசரத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. சட்டம் போடுகிறவன் பதினைந்து படங்களுக்குத் தப்பான அளவில் வெட்டிவிட்டான். கண்காட்சிக் கூடத்துக்காரி தினமும் ஃபோன் செய்கிறாள். பெண்களில் ஒருத்தி, "எனக்கு மூக்குப் பெருசா தெரியுது, தூக்கிடு," என்கிறாள். இன்னொருத்தி, "நான் வாசிச்சது தெரியவே இல்ல, என் ஜாக்கெட்தான் தெரியுது," என்கிறாள். இசையைப் படம் எடுக்கிறேன் என்று கிளம்பினேன்; கடைசியில் மூக்குக்கும் ஜாக்கெட்டுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிப்பின் படம் பற்றி மறுபடி மறுபடி கேட்காதே. வரும்போது வரும்.

உன் வாயை அடைக்க இரண்டு பொருள் அனுப்பியிருக்கிறேன். ஒன்று, வீட்டுப் பின்பக்கத்து ஃபெய்ஜோவாப் பழ ஜாம். இரண்டு, ஏப்ரலில் பிப் வாசித்ததன் கேசட். அந்தக் கூடத்தில் ஒலிப்பதிவு பார்க்கும் டூகல் பதிவு செய்தது. எனக்கு இன்னும் கேட்க நேரமில்லை, ஆனால் அன்றைக்கு நன்றாக இருந்தது. நீயே கேட்டுப் பார். அவளும் உன்னைப்போல ஒன்றையே பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பவள்தான். பொறாமைப்படாமல் கேட்டால் உனக்குப் பிடிக்கும்.

ஆகஸ்ட் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

கோரலி


போர்ட் சால்மர்ஸ்
22 ஜூன் 1997

கோரலி,

கேசட்டைக் கேட்டேன். நாலு தடவை கேட்டேன். முதல் தடவை வீட்டில். மற்ற மூன்று தடவையும் வேனை கடற்கரையில் நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கையில் பென்சிலோடு.

அந்தப் பெண் நன்றாக வாசிக்கிறாள். எழுதக் கை கூசுகிறது, ஆனால் நன்றாகத்தான் வாசிக்கிறாள். அவ்வளவு மெல்லிய சத்தத்தை அவ்வளவு நேரம் உடையாமல் பிடித்து வைக்க என்னால் அந்த வயதில் முடிந்திருக்காது. அவள்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை.

உன் மேல்தான்.

கேசட்டில் உன் ஷட்டர் கேட்கிறது. ஆரம்பத்தில் மூன்று, எல்லாரும் எடுக்கிற மாதிரி. பிறகு நாலாவது. பிறகு நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. அதன்பின் இரண்டு சேர்ந்தாற்போல, ஒரு பெரிய இடைவெளி, அப்புறம் ஒன்று. மறுபடி இரண்டு, இடைவெளி, ஒன்று. ஒவ்வொரு தடவையும் இடைவெளி நீள்கிறது. அந்த இரண்டும் விழுந்த பிறகு அவள் வில்லைத் தூக்கிவிடுகிறாள், கோரலி. சக்கரம் தானாகச் சுற்றுகிற சத்தம் மட்டும். உன் மூன்றாவது விழும் வரைக்கும் காத்திருக்கிறாள். விழுந்ததும் தொடங்குகிறாள். இடம் விடறேன் என்று சொன்னாளாமே, விட்டிருக்கிறாள்.

இரண்டு, இடைவெளி, ஒன்று. அது யாருடைய கை என்று எனக்குத் தெரியாதா? ஆறு வருடம் என் இடது காதில் விழுந்த கை அது. கத்தரிக்கோலாக இருந்தால் என்ன, கேமராவாக இருந்தால் என்ன.

எண்ணினேன். ஐம்பத்து மூன்று. ஒரு சுருளில் முப்பத்தாறு. இழுத்துப் பிடித்தால் இன்னும் ஒன்றோ இரண்டோ. நடுவில் சுருள் மாற்றுகிற சத்தம் எங்கும் இல்லை. பின்மூடி திறக்கிற சத்தமும் இல்லை. அந்தக் கூடத்தில் யாரோ மூக்குறிஞ்சுவதுகூடக் கேட்கிறது. அது மட்டும் கேட்காமல் போகுமா? முப்பத்தெட்டுக்கு மேல் நீ எதைப் படம் எடுத்தாய்?

எனக்குத் தெரியும். நீ படம் எடுக்கவில்லை. வாசித்தாய். "நான் வாசிக்கிறத விட்டுட்டேன் ரேவின், கேக்காத," என்று பதினோரு வருடமாக எனக்குச் சொல்லிவிட்டு, இருபத்து நாலு வயதுப் பெண்ணோடு சேர்ந்து வாசித்தாய். பதினோரு வருடம் நான் ஒரு மேசையைத் தூக்கச் சொல்லி மெர்வின் முதுகை ஒடித்தது எதற்காக?

நீ என்னை விட்டுப் போனதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். இசையை விட்டுப் போனாய் என்று நினைத்ததால் பொறுத்துக்கொண்டேன். என்னை மட்டும்தான் விட்டாய் என்று இப்போது தெரிகிறது. வயிறு எரிகிறது. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை, இரண்டு நாளாக நிஜமாகவே சாப்பாடு இறங்கவில்லை.

என் படத்தைக் கண்காட்சியிலிருந்து எடுத்துவிடு. இருபத்தொன்பது பெண்கள் போதும். ஜாம் நன்றாக இருந்தது.

ரேவின்


வெலிங்டன்
6 ஜூலை 1997

என் அன்பு ரேவினுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முதலில் கேசட்டைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. டூகலிடம் இன்னொரு பிரதி வாங்கி நேற்றுத்தான் கேட்டேன். நீ எண்ணியது சரி. ஐம்பத்து மூன்று.

நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு அவசரத்தில் சுருளைப் போட்டேன். ஃபிலிமின் நுனி உள்ளே உருளையில் சரியாகப் பிடிக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். நெம்புகோலை இழுக்கலாம், கிளிக் செய்யலாம், ஃபிலிம் மட்டும் நகராது. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, இடப்பக்கத்துச் சின்னக் குமிழ் சுற்றுகிறதா என்று பார்ப்பது. நாலாவது படத்தில் பார்த்தேன். சுற்றவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறாயே, அந்த நீண்ட நேரம் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். எழுந்து வெளியே போய்ச் சரியாகப் போட்டுக்கொண்டு வரலாம். ஒரு நிமிட வேலை. பத்து வருடமாக நான் கேலி செய்கிற கற்றுக்குட்டித் தப்பு. எழுந்திருக்கத்தான் நினைத்தேன். ஆனால் அவள் வில்லைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் பார்த்தாள். இடம் விட்டாள். என் விரல் அமுக்கிவிட்டது. படம் விழாது என்று தெரிந்தே அமுக்கினேன். நான் கேமராவை வைத்து வாசித்தேன், ரேவின். நீ சொன்னது பொய்யில்லை. உன்னிடம் காட்ட ஒரு தாளும் என்னிடம் இல்லை. காட்டினால் காட்ட வேண்டியது காலியான சுருளைத்தான். அதனால்தான் மழுப்பினேன். அந்தச் சுருளையே இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு படமும் விழாத புதுச் சுருள். எனக்கு அதை வேறெதற்கும் பயன்படுத்த மனம் வரவில்லை.

ஆனால் ஒன்றை நீ தப்பாக எழுதியிருக்கிறாய். நான் உன்னை விட்டுப் போகவில்லை.

கிறைஸ்ட்சர்ச் ஞாபகம் இருக்கிறதா? எண்பத்தாறு, ஜூலை. வாசித்து முடித்துக் கூடத்தின் பின்வழியில் நின்றோம். நீ ஆர்கனுக்குக் கம்பளி சுற்றிக்கொண்டிருந்தாய். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இன்னிக்கு முழுக்க நீ என் பின்னாலேயே வந்துட்டிருந்த," என்றாய். அவ்வளவுதான். பிறகு மீனும் உருளைக்கிழங்கும் வாங்கப் போய்விட்டாய். நான் அங்கேயே கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் வருகிறவளுக்கு எதற்குக் கத்தரிக்கோல் என்று தோன்றியது. அடுத்த மாதம் கேமரா வாங்கினேன். பின்னால் நின்றாலும் குற்றமில்லாத வேலை அது ஒன்றுதான்.

உனக்கு நினைவிருக்காது. நான் பதினோரு வருடமாக அந்த வாக்கியத்தோடு தினமும் எழுந்திருக்கிறேன். நீ ஒவ்வொரு ஞாயிறும் வாசிக்கிறாய் என்று கேள்விப்படும்போது உன்மேல் எனக்கு எவ்வளவு பொறாமை வந்தது தெரியுமா? பொறாமை உனக்கு மட்டும் சொந்தமில்லை.

இன்னொன்று. உன் காதும் பிடரியும். நீ எழுதும் வரை நான் இதைக் கவனித்ததே இல்லை. உன் பழைய தாள்களையெல்லாம் தரையில் பரப்பிப் பார்த்தேன். பதினோரு வருடத்துப் படம். எல்லாமே ஒரே இடத்திலிருந்து எடுத்தவை. உனக்கு இடப்பக்கம், ஓரடி பின்னால். நாம் சேர்ந்து வாசித்தபோது என் மேசை இருந்த இடம். எந்தக் கூடமாக இருந்தாலும் என் கால் நேராக அங்கே போய் நின்றிருக்கிறது. முன்னால் வந்து உன் முகத்தை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நாம் வாசிக்கிறபோது நான் பார்த்தது உன் முகத்தை அல்ல. அந்தக் காதையும் அந்தக் கைகளையும்தான்.

எதிர்ச் சுவரில் தொங்கப்போவது அதுதான். காது, பிடரி, இரண்டு கைகள். உன்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டேன். எடுக்கமாட்டேன்.

கடைசியாக, இதையும் மறைக்க விரும்பவில்லை. பிப் அக்டோபரில் மெல்பர்ன் போகிறாள். "நீங்களும் வாங்க. கேமராவோட வாங்க, இல்லாம வாங்க. எனக்கு அந்த ரெண்டும் ஒண்ணும் வேணும்," என்றாள். சரி என்று அவளுக்கு ஒரு கடிதம் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். இன்னும் தபாலில் போடவில்லை. ஏன் போடவில்லை என்று எனக்கே தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

உன்,
கோரலி


போர்ட் சால்மர்ஸ்
16 ஜூலை 1997

என் கோரலிக்கு,

இது ஐந்தாவது கடிதம். முதல் நாலும் அடுப்புக்குள் போயின. முதலாவதில் உன்னைத் திட்டியிருந்தேன். இரண்டாவதில் பிப்பைத் திட்டியிருந்தேன். மூன்றாவதில் மிக நல்லவளாக நடித்திருந்தேன். அதைத்தான் முதலில் எரித்தேன். நாலாவது வெறும் அழுகை.

கிறைஸ்ட்சர்ச் எனக்கு நினைவிருக்கிறது. மீன் வாங்கிய கடையின் பெயர்கூட நினைவிருக்கிறது. சொன்ன வாக்கியம் நினைவில்லை என்று எழுதினால் நீ மன்னித்துவிடுவாய், எனக்கும் சுலபம். ஆனால் நினைவிருக்கிறது.

ஏன் சொன்னேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு வாசிக்கும்போது பாதியில் எனக்கு அடுத்து எங்கே போவதென்று தெரியவில்லை. கால் மிதித்துக்கொண்டே இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. உன் கத்தரிக்கோல் விழுகிற இடத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் சுரத்தை மாற்றினேன். இரண்டு, இடைவெளி, ஒன்று. ஒன்று விழுந்ததும் மாற்றுவேன். கடைசி இருபது நிமிடம் அப்படித்தான் ஓடியது. முடிந்ததும் ஒரு தாடிக்காரன் வந்து என்னிடம் கை கொடுக்காமல் நேராக உன்னிடம் போய், "அந்தக் கத்தரிக்கோல் இருக்கே, அடேயப்பா!" என்றான். நீ சிரித்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்வழிக்கு வந்ததும் என்னைப் பற்றிய உண்மையை எடுத்து உன் தலையில் வைத்துவிட்டேன். பின்னால் வந்தது நான்தான், கோரலி. அன்றைக்கு முழுக்க நான் உன் பின்னாலேயே வந்தேன்.

மறுநாளே சொல்லியிருக்கலாம். நீ கேமரா வாங்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தபோது சொல்லியிருக்கலாம். நீ வெலிங்டனுக்குப் பெட்டி கட்டியபோது வாசலில் நின்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேசையை மட்டும் போட்டு வைத்தேன். அது மன்னிப்புக் கேட்கும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. மேசைக்கு வாய் ஏது?

உன் கடிதத்தைத் தபாலில் போடு. மெல்பர்ன் போ. இந்த வாக்கியத்தை மூன்று தடவை அடித்துவிட்டு எழுதியிருக்கிறேன், தாளைப் பார்த்தாலே தெரியும். எனக்கு இன்னும் பொறாமைதான். அது போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. அந்தப் பெண் ஒரே பிற்பகலில் உனக்கு இடம் விட்டாள். நான் பதினோரு வருடம் மேசைதான் போட்டேன், இடம் விடவில்லை. அதுதான் எரிகிறது.

ஆனால் ஆகஸ்ட் 24 மெல்பர்னுக்கு முன்னால் வருகிறது. ஞாயிறு, மணி மூன்று. ஆர்கன் இருக்கும். இடப்பக்கம், ஓரடி பின்னால் மேசை இருக்கும். நான் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வேன். தொடங்கமாட்டேன். நீ முதலில் தொடங்கு. எவ்வளவு நேரமானாலும் சரி. ஹீட்டரை ஆறு மணி வரை போட்டு வைக்க மெர்வ் ஒப்புக்கொண்டிருக்கிறான். நீ வராவிட்டால் பதினொரு பேரும் நானும் மூன்று மணி நேரம் ஹீட்டரைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். அதையும் இசை என்று சொல்ல இந்த ஊரில் ஆள் இருக்கிறது.

நீ அனுப்பிய சுருளை மேசைமேல் வைத்திருக்கிறேன். தொடவில்லை.

பிப் வருவதானால் வரட்டும். ஆனால் முன் வரிசையில் உட்காரட்டும். டிக்கெட் வாங்கட்டும்.

உன்,
ரேவின்


வெலிங்டன்
4 ஆகஸ்ட் 1997

ரேவினுக்கு,

படகும் ரயிலுமாக வெள்ளிக்கிழமை 22ஆம் தேதி வந்து சேருவேன். நிலையத்துக்கு வேனைக் கொண்டு வா, மூட்டை கனம். கேமராவை எடுத்து வரவில்லை. நீ டிக்கெட் வாங்கச் சொன்னதைப் பிப்பிடம் சொன்னேன், சிரித்துவிட்டு, "வரேன். ஒண்ணுக்கு ரெண்டு டிக்கெட்டுக்குக் காசு குடுக்கிறேன்னு சொல்லுங்க," என்றாள்.

பெரிய கத்தரிக்கோலைத் தீட்டக் கொடுத்துவிடாதே. மழுங்கல்தான் அதன் குரல். இன்றிலிருந்து அதில் கீரை வெட்டாதே.

கோரலி